படம் முழுக்கப் பார்த்தவர் யார்?

'மெய்யழகன்' படத்தின் இரண்டாம் பாதி நீளமா, இல்லையா என்று எங்கள் வீட்டில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. 2024 தீபாவளி விடுமுறை. தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். செப்டம்பர் கடைசியில் தியேட்டருக்கு வந்த படம் ஒரு மாதத்துக்குள் நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்துவிட்டிருந்தது. எங்களுக்குக் கும்பகோணம், படத்தில் வருவது தஞ்சாவூரும் நீடாமங்கலமும். நம் பக்கத்து மனிதர்கள் பேசுவதைக் கேட்கலாம் என்ற ஆசையிலேயே எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். படம் முடிந்ததும், கதையே இல்லாமல் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றான் தம்பி. அந்தப் பேச்சுதான் கதை என்றார் என் கணவர். நான் கணவர் பக்கம். ஆளுக்கொரு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி, சமையலறைப் பக்கம் திரும்பி, "நீ சொல்லு அம்மா" என்றான். அம்மா ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து, "நான் எங்கே பார்த்தேன்? வருவதும் போவதுமாக இருந்தேன்" என்றாள். சரி என்று பேச்சு பழையபடி எங்களுக்குள்ளேயே போய்விட்டது. எனக்கு அந்தப் பதில் மட்டும் மனதிலேயே நின்றுவிட்டது.

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். 1996-இல் தஞ்சாவூர் வீட்டைக் காலிசெய்துவிட்டு கதாநாயகன் அருள்மொழியின் குடும்பம் கிளம்பும் தொடக்கக் காட்சியில் அம்மா கதவோரம் நின்றிருந்தாள். அருள்மொழி (அரவிந்த் சாமி) பல வருடங்கள் கழித்துத் தங்கை முறையாகும் பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஊருக்கு வரும்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாண மண்டபத்துக் காட்சிகள் வந்தபோது பிள்ளைகளுக்குப் பசி வந்துவிட்டது, தோசைக்கல் அடுப்பேறியது. கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு, பெயர்கூட நினைவில்லாத ஓர் உறவுக்காரன் (கார்த்தி) வீட்டில் அருள்மொழி தங்கப் போகும் இடத்தில் சட்னி தீர்ந்துபோனது. அம்மா மறுபடி அரைத்தாள். மிக்ஸி ஓடியபோது கூடத்தில் யாரோ டிவியின் ஒலியைக் கூட்டினார்கள். மிக்ஸி நின்ற பிறகு குறைத்தார்கள். காலையில் காப்பி கொடுக்கும்போது அம்மா என்னிடம் கேட்டாள்: "அந்தக் கார்த்திக்குப் பெயர் என்னவென்று கடைசியில் தெரிந்ததா?" அந்தப் படத்தின் உயிரே அந்தக் கேள்விதான். இத்தனை அன்பாகக் கவனித்துக்கொள்கிறவனின் பெயர் தெரியவில்லையே என்ற கூச்சத்தில்தான் அருள்மொழி விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிப் போகிறான். நாங்கள் எல்லோரும் விடை தெரிந்துகொண்டு தூங்கப் போனோம். எங்களுக்குச் சாப்பாடு போட்டவள் கேள்வியோடு தூங்கியிருக்கிறாள்.

வீட்டில் படம் பார்ப்பது பற்றி எவ்வளவோ பேசுகிறோம். தியேட்டரின் இருட்டு வீட்டில் இல்லை, பெரிய திரை இல்லை, சேர்ந்து சிரிக்க நானூறு பேர் இல்லை என்றெல்லாம் சொல்கிறோம். நட்சத்திரங்களின் அறிமுகக் காட்சிகள் வீட்டில் எடுபடாமல் போவதை நானும் பார்த்திருக்கிறேன். விசிலுக்கென்று விட்ட இடைவெளியில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. ஆனால் வீட்டில் ஓடும் படத்தை வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.

இடைவேளை இருந்த காலம்

அம்மா சினிமாப் பைத்தியம். அவள் சிறுமியாக இருந்தபோது ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ். பெண்களுக்குத் தனிப் பக்கம், நடுவில் இடுப்பளவுத் தடுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு கும்பகோணம் தியேட்டர்களில் மேட்னி ஷோ. காலையிலேயே இரண்டு வேளைக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு மாமிகளோடு வேகவேகமாக நடப்பாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அம்மா வேறு ஆளாக மாறிவிடுவாள். காலை மடக்கி வைத்துக்கொண்டு, எழுத்துப் போடுவதிலிருந்து 'சுபம்' வரைக்கும் அசைய மாட்டாள். அங்கே அவளிடம் யாரும் தண்ணீர் கேட்க முடியாது. குக்கர் எத்தனை விசில் என்று எண்ண வேண்டியதில்லை. வாசலில் யார் வந்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அவள் படம் பார்க்கத்தான் போனாள் என்று அப்போது நினைத்திருந்தேன். உட்காருவதற்காகவும்தான் போனாள் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு டிவி வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இலேயே தொடங்கிவிட்டாலும், எங்கள் தெருவுக்குப் பெட்டி வரப் பல வருடங்கள் ஆயின. ஞாயிற்றுக்கிழமை மாலைப் படம். நடுவில் செய்திகள் வரும். எல்லோரும் முணுமுணுத்தபடி எழுந்து போவார்கள். அம்மா மட்டும் அந்தச் செய்தி நேரத்தில் உலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். 1993-இல் சன் டிவி வந்த பிறகு விளம்பர இடைவேளைகள். இரண்டு மணி நேரப் படத்தை மூன்றரை மணி நேரம் இழுக்கிறார்களே என்று ஊரே திட்டியது. அம்மா திட்டியதாக எனக்கு நினைவில்லை. அந்த விளம்பரங்கள்தான் அவளுடைய வேலை நேரம். ஒரு இடைவேளைக்குள் ரசம் தாளித்துவிடுவாள். அடுத்ததில் அப்பளம். சோப்பு விளம்பரம் இரண்டாம் தடவை வந்தால் படம் தொடங்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். கரண்டியை வைத்துவிட்டு ஓடிவருவாள்.

அப்படிப் பார்த்த படங்களில் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது 'அன்பே சிவம்'. 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டர்களில் சரியாக ஓடாத படம். டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் தமிழ்நாட்டுக்கு அந்தப் படம் நெருக்கமானது. அதை வீட்டில்தான் மக்கள் கண்டுபிடித்தார்கள் என்று நானே பலரிடம் வாதாடியிருக்கிறேன். வீட்டில் பார்த்தவனுக்குப் படத்தைப் பற்றிப் பேச அருகதை இல்லை என்பவர்களுக்கு அந்த ஒரு படமே போதும். ஆனால் அம்மாவின் 'அன்பே சிவம்' ரயிலில்தான் தொடங்குகிறது. புவனேஸ்வர் விமான நிலையத்தில் மாதவன் கமலைச் சந்தேகப்படும் அந்த முதல் சந்திப்பை அவள் பார்த்ததே இல்லை. படம் போடும் நேரம் எப்போதும் அவளுக்கு அடுப்படி நேரம். அந்த இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று தெரியாமலேயே, ரயில் விபத்தில் அடிபட்ட பையனுக்காக அழுதிருக்கிறாள். கடைசியில் கமல் எழுதி வைத்துவிட்டுப் போகும் கடிதத்துக்கு ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறாள்.

இப்போது விளம்பரமும் இல்லை, செய்தியும் இல்லை. பொத்தானை அழுத்தினால் இரண்டரை மணி நேரம் படம் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. நமக்கு இது பெரிய வசதி. அம்மாவுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச இடைவெளியும் இதில் போய்விட்டது. எப்போது எழுந்தாலும் ஏதோ ஒன்றை இழந்தே தீர வேண்டும். டிவி நிலையம் வைத்த இடைவேளை எல்லோருக்கும் பொது. அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இப்போது ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவரிடம், "கொஞ்சம் நிறுத்து, நான் வந்துவிடுகிறேன்" என்று கேட்க வேண்டும். அம்மாவின் தலைமுறைப் பெண்கள் அதைக் கேட்க மாட்டார்கள். "நீங்கள் பாருங்கள், எனக்குக் கதை தெரியும்" என்பார்கள். புதுப் படத்துக்குக்கூட.

2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடத்தியது. அதன்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். 'மெய்யழகன்' தியேட்டருக்கு வந்தபோது ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடியது. நீளம் என்ற புகார் வந்து சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். வெட்டியது எனக்கு வருத்தம்தான். நிதானமாகப் போகும் படத்தில் நிதானத்தையே கத்தரித்தால் என்ன மிஞ்சும்? ஆனால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 299 நிமிடங்களில் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்து முடித்து, மறுபடி பாதிக்கு மேல் பார்த்துவிடலாம்.

ரிமோட் அம்மா கைக்குப் போன இரவு

தம்பி ஊருக்குப் போன பிறகு, வேலைநாள் ஒன்றில், அம்மாவுக்காகவே 'மெய்யழகன்' மறுபடி போட்டேன். ஏற்பாடு எல்லாம் முன்பே செய்துவிட்டோம். இரவுக்கு இட்லி கடையில் வாங்கியாயிற்று. பாத்திரங்களைக் கணவர் கழுவிக் கவிழ்த்துவிட்டார். பால் காய்ச்சி ஆறவைத்தாயிற்று. சிலிண்டர் வால்வைக்கூட மூடிவிட்டேன். இல்லையென்றால் அதைப் பார்க்கவென்று எழுந்து போவாள். ஆனாலும் முதல் கால் மணி நேரம் அவள் கண் சமையலறைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. தயிருக்குப் பிரை குத்தவில்லை என்று எழுந்தாள். நான் படத்தை நிறுத்தினேன். "ஓடட்டுமே, எனக்காக எதற்கு நிறுத்துகிறாய்?" என்றாள். உனக்காகத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். பிரை குத்திவிட்டு வந்து, தியேட்டரில் உட்காருவதைப் போலவே காலை மடக்கி வைத்துக்கொண்டாள்.

கல்யாண மேடைக் காட்சி வந்தது. அரவிந்த் சாமி தங்கைக்கென்று வாங்கி வந்த நகைகளை அவளுக்கு மேடையிலேயே அணிவிக்கும் இடம். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை; இத்தனை வருடம் வராமல் இருந்துவிட்டானே என்ற கோபம், வந்துவிட்டானே என்ற சந்தோஷம் எல்லாம் அந்தப் பெண்ணின் முகத்தில் வந்து போகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அப்போது அம்மா கையை நீட்டி, "அதைக் கொடு" என்று ரிமோட்டை வாங்கினாள். எந்தப் பொத்தான் என்று கேட்டாள். காட்டினேன். அழுத்தினாள். படம் நின்றது. எழுந்து போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"என் கல்யாணத்துக்குப் பெரியண்ணன் வந்தான், தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. பெரிய மாமா கல்யாணத்துக்கே வரவில்லை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். தாத்தாவோடு பாகப்பிரிவினைத் தகராறு, பேச்சு வார்த்தை இல்லை, ரோஷக்காரர்; எங்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். அவர் வந்திருக்கிறார். தாலி கட்டும் நேரத்தில் பந்தலின் கடைசியில் நின்றிருக்கிறார். மேடைக்கு வரவில்லை. பந்தியில் உட்காரவில்லை. வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடியைக் கைக்குட்டையில் முடிந்து அத்தையிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அத்தை அதைக் கொடுத்தது மறுநாள். "அவனை நான் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கூப்பிடுவது? சாப்பிட்டுவிட்டாவது போயிருக்கலாம்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மாமா சைக்கிளில் அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, அவர் மாம்பழம் சாப்பிடும் விதம், தகராறுக்குக் காரணமான அந்த அரை மா நிலம் எல்லாம் வந்தன. பிறகு அவளே பொத்தானை அழுத்திப் படத்தை ஓடவிட்டாள். அரவிந்த் சாமி சாப்பிட உட்கார்ந்ததும், "இவன் சாப்பிட்டான், பார்" என்றாள்.

பிறகு இதைச் சொன்னபோது தம்பிக்குப் பிடிக்கவில்லை. படத்தை நடுவில் நிறுத்தக் கூடாது, இயக்குநர் ஒரு தாளகதி வைத்திருப்பார், நிறுத்தினால் அது கெட்டுவிடும் என்பது அவன் கட்சி. அதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. போன் வந்ததற்கும், வந்த செய்தியைப் பார்ப்பதற்கும், தின்பதற்கு ஏதாவது எடுத்துவருவதற்கும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கும் கோபம் வரும். பத்து விநாடி தள்ளும் பொத்தானை அழுத்தி, பாட்டையும் மௌனத்தையும் தாண்டிக்கொண்டே போகிறவர்களைக் கண்டால் இன்னும் கோபம். ஆனால் ஒருத்தி திரும்பி வரும்வரை காத்திருப்பதற்கும் பொறுமையில்லாமல் தள்ளிவிடுவதற்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. தியேட்டரில் அம்மாவால் அந்த இடத்தில் படத்தை நிறுத்தியிருக்க முடியாது. பெரிய மாமாவின் கொலுசைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை. வீட்டுத் திரைக்கென்று ஒரு பெருமை இருக்குமானால் அது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படத்தின் நீளத்தைப் பற்றி அம்மாவின் தீர்ப்பும் அன்றைக்குக் கிடைத்தது. "ஒருவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, பாய் விரித்துப் பேசினால் நீளமாகத்தான் இருக்கும். சுருக்கமாகப் பேசி அனுப்புவதற்கு அவன் என்ன ஆபீசுக்கா வந்தான்?" என்றாள். மூன்று பேர் ராத்திரியெல்லாம் வாதாடியும் எங்களில் ஒருவருக்கும் இப்படிச் சொல்லத் தோன்றவில்லை. விருந்தாளிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

அம்மா முடிவைப் பார்க்காத படம்

அதன் பிறகு அவள் பாதி பார்த்த படங்களை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். 'த கிரேட் இந்தியன் கிச்சன்' என்ற மலையாளப் படத்தைப் பற்றிக் கேட்டபோது திக்கென்றது. 2021 ஜனவரியில் வந்த படம். ஜியோ பேபி இயக்கியது. முதலில் பெரிய தளங்கள் எடுத்துக்கொள்ளாமல் ஒரு சிறிய தளத்தில் வெளியாகி, ஊரெல்லாம் பேசிய பிறகு பெரிய தளத்துக்கு வந்தது. எங்கள் வீட்டிலும் அப்போது பார்த்தோம். நறுக்குவது, அரைப்பது, பரிமாறுவது, மேஜையில் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையை வழித்தெடுப்பது, கழுவுவது என்று அதே வேலைகளை அந்தப் படம் திரும்பத் திரும்பக் காட்டும். பார்ப்பவர் கையே வலிக்கும் அளவுக்குக் காட்டும். சோறு குக்கரில் வைக்கக் கூடாது, விறகடுப்பில் வடிக்க வேண்டும், சட்னி மிக்ஸியில் அரைக்கக் கூடாது என்று மாமனார் மென்மையான குரலிலேயே சொல்லுவார். அந்த மென்மைதான் பயங்கரம். சமீப வருடங்களில் நான் பார்த்தவற்றில் இதைவிடத் துணிந்த படம் இல்லை என்பது என் கருத்து.

அம்மாவைக் கேட்டால், "அந்தப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டே இருப்பாளே, அந்தப் படம்தானே?" என்றாள். முடிவு? முடிவை அவள் பார்க்கவில்லை. அன்றைக்கு நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எங்கே இருந்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் ஒருநாள் சமையலறைத் தொட்டியிலிருந்து ஒழுகித் தேங்கிய அழுக்குத் தண்ணீரை எடுத்துப் புருஷன் மேலும் மாமனார் மேலும் ஊற்றிவிட்டு வெளியேறுகிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியாமலேயே போயிருக்கிறது. அவள் வரைக்கும் அந்தப் பெண் இன்னும் கழுவிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

போன மாதம் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தாள். மலையாளம் அவளுக்குக் காதிலேயே பாதி புரியும். மீதியை நான் சொன்னேன். ஒழுகும் குழாய்க்கு அடியில் அந்தப் பெண் சாக்கை மடித்துப் போட்டு வாளியை வைக்கிறாள். பிளம்பரைக் கூப்பிடு என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவன் மறந்துவிட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். "அவளே கூப்பிட்டால் என்ன?" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து அவளே, "கூப்பிட நம்பர் வேண்டும், கொடுக்கக் கையில் காசு வேண்டும்" என்றாள். அழுக்குத் தண்ணீர் காட்சி வந்ததும் நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "ஊற்றியது சரி. இதை இப்போது துடைக்கப்போவது யார்?" என்றாள். சில நிமிடங்களில் படமே பதில் சொன்னது. அந்த வீட்டுக்கு அடுத்த மனைவி வந்திருக்கிறாள். அவன் குடித்துவிட்டு வைத்த கோப்பையை அவள் எடுத்துக் கழுவுகிறாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

படத்தின் கடைசியில் வரும் நடனக் காட்சி பற்றித்தான் எங்களுக்குள் இன்னும் முடியாத சண்டை. அது தேவையில்லை என்பது அம்மாவின் கட்சி. "வீட்டை விட்டு வந்தவள் அடுத்த வேளை எங்கே சாப்பிட்டாள், முதல் மாத வாடகையை யார் கொடுத்தார்கள், அதைக் காட்டியிருக்க வேண்டாமா? எங்களைப் போன்றவர்களுக்கு அதுதானே தெரிய வேண்டும்" என்கிறாள். அவ்வளவு நேரம் மற்றவர்களுக்காகவே குனிந்து நிமிர்ந்தவள் தனக்கென்று ஒன்றைச் செய்வதை ஒரு தடவையாவது காட்டத்தான் வேண்டும் என்கிறேன் நான். வாடகைக்கு என்று ஒரு காட்சி வைத்தால் படம் வேறு படமாகிவிடும் என்றால், "ஆகட்டுமே, அந்தப் படத்தையும் எடுக்கட்டும், நான் பார்க்கிறேன்" என்கிறாள். நேற்று காய் நறுக்கும்போதும் இதே பேச்சுதான். அடுத்தது 'அன்பே சிவம்', விமான நிலையத்திலிருந்து.